சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற



போன சம்பாவுக்குச் சேற்றுழவு ஓடிக்கொண்டிருந்தது. வரப்பு கட்ட வந்திருந்த அக்கா மண்வெட்டியை நிறுத்திவிட்டு, "சார், தண்ணியில ஏதோ மினுமினுன்னு ஓடுது, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். டிராக்டர் திரும்பிய மூலையில், சேற்றுத் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம்.

இப்படித் தெரிவதெல்லாம் எண்ணெய் அல்ல. இரும்புச்சத்துள்ள தண்ணீர் தேங்கும் பள்ளக்கால் வயலில் ஒருவகை பாக்டீரியா இதே மாதிரி படலம் கட்டும். ஒரு குச்சியால் கீறினால் தெரிந்துவிடும். பாக்டீரியா படலம் கண்ணாடிச் சில்லு போல உடைந்து, துண்டு துண்டாக நிற்கும். எண்ணெய் என்றால் கீறிய இடம் உடனே கூடிக்கொள்ளும். நான் கீறினேன், கூடிக்கொண்டது. இது நம்ம வண்டியோட வேலைதான்.

பலதானியம் விதைத்து மடக்கி உழுது, ரசாயனம் காட்டாமல் ஆறு வருஷம் காப்பாற்றிய மண். அதில் நானே கருப்பு எண்ணெயை ஊற்றிக்கொண்டு போயிருக்கிறேன். வண்டியைக் கரையேற்றச் சொல்லிவிட்டு, கீழே குனிந்து பார்த்தேன். கிளட்ச் ஹவுசிங் அடியில் உள்ள துளையில் மூன்று நொடிக்கு ஒரு சொட்டு.

வங்கிப் புத்தி, உடனே கணக்குப் போட்டது. இருபது சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லி. மூன்று நொடிக்கு ஒன்று என்றால் நிமிஷத்துக்கு இருபது, அதாவது மணிக்கு 60 மில்லி. எட்டு மணி நேரம் உழுதால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஓடிய எஞ்சின் ஆயிலில் வெறும் எண்ணெய் மட்டும் இல்லை. கரி, தேய்ந்த உலோகத் துகள், துத்தநாகம் சேர்ந்த கூட்டுப்பொருள்கள், புற்றுநோய் வரவைக்கக்கூடிய ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் உண்டு. எண்ணூர், மணலி பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை, கரையில் வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி பகுதியிலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தில் படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. என் அரை லிட்டரை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் என் வயலுக்கு நான்தானே பொறுப்பு.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. பழைய மாஸி 1035, மூன்று சிலிண்டர், சிம்சன் எஞ்சின். பெர்க்கின்ஸ் வடிவமைப்பில் வந்த டீசல் எஞ்சின்களைச் செம்பியத்தில் சிம்சன் கம்பெனி பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது. 1960-ல் தொடங்கிய டாஃபே, மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே கொண்டுவந்தது. எங்கள் மாத்தூரிலிருந்து செம்பியம் பத்து கிலோமீட்டருக்குள்தான். மசகு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயும் பக்கத்து மணலி சுத்திகரிப்பு ஆலையில் தயாராகிறது. ஆக எஞ்சினும் எண்ணெயும் எங்கள் பேட்டைச் சரக்கு. வயல் மட்டும் மீஞ்சூர் தாண்டி இருக்கிறது.

மெக்கானிக் தம்பி வந்தார். துளையைப் பார்த்தார், ஒரே நிமிஷம். "பின்னாடி கிராங்க் சீல் போச்சு சார். வண்டியை ரெண்டா பிரிக்கணும். நாலு நாள் ஆகும், 18,000 ரூபா ஆகும்." சேற்றில் பாதி வயல் கிடக்கிறது, நாற்றுக்கு வயசு ஏறிக்கொண்டிருக்கிறது. பணத்தைவிட அந்த நாலு நாள்தான் என்னைக் கலக்கியது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் துளையில் கருப்பு ஆயில் வந்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வங்கியில் முப்பது வருஷம் நாள்முடிவுக் கணக்கு பார்த்தவன் நான். பத்து ரூபாய் இடிக்கும். இடிப்பு தெரிகிற இடம் கடைசிப் பக்கம், தப்பு விழுந்த இடம் காலையில் யாரோ போட்ட ஒரு வவுச்சர். கடைசிப் பக்கத்தைக் கிழித்து என்ன பிரயோஜனம்? "தம்பி, நாளைக்குக் காலையில சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, வண்டியைக் கழுவ ஆரம்பித்தேன்.

எண்ணெய்க்கு மூன்று பழக்கம் உண்டு. புவியீர்ப்பில் கீழே இறங்கும். எஞ்சின் ஓடும்போது விசிறிக் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். போகிற வழியில் தூசியைப் பிடித்துச் சேறாகி, வந்த வழியை மறைத்துவிடும். அதனால் கீழேயும் பின்னாலும் ஈரம் இருப்பது பெரிய சேதி அல்ல. ஈரத்தின் மேல்முனை எது, முன்முனை எது என்பதுதான் கேள்வி. அழுக்கு எஞ்சினில் அதற்குப் பதில் கிடைக்காது. கழுவாமல் கசிவு பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ஊகம்தான் சொல்கிறார்.

கழுவுகிற முறை: எஞ்சின் ஆறிய பிறகு, மரக்கரண்டியோ பிளாஸ்டிக் தகடோ கொண்டு கட்டிச் சேற்றைச் சுரண்டி எடுங்கள். அடியில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்கு உமி பரப்புங்கள். செங்குன்றம் அரிசி ஆலைப் பக்கம் உமிக்குப் பஞ்சமில்லை. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தேயுங்கள். டீசல் அடித்துக் கழுவுவதுதான் வழக்கம், ஆனால் டீசல் கசிவையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்போது டீசலாலேயே கழுவினால் எது எது என்று தெரியாது. டைனமோ, செல்ஃப் மோட்டார், காற்று வடிகட்டி வாயில் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பையால் கட்டிக்கொள்ளுங்கள். கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் இந்த வேலை வேண்டாம். எண்ணெய் குடித்த உமியைக் கம்போஸ்டில் சேர்க்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம். மூடியுள்ள டின்னில் வையுங்கள்.

துடைத்துக் காய்ந்த பிறகு, சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவுங்கள். (கோலமாவு வேண்டாம், அது கல் பொடி. சீல் உதட்டில் புகுந்தால் தேய்க்கும்.) எஞ்சினை ஓடவிட்டால், எண்ணெய் புறப்படுகிற இடத்தில் பவுடர் நனைந்து ஒரு கோடு தெரியும். ஆயுதபூஜைக்குப் பட்டை போட்ட எஞ்சின், இப்போது பவுடர் போட்டுக்கொண்டு நின்றது. என் பேத்திக்கு ஒரே சிரிப்பு.

இன்னொரு சின்ன உத்தி, செலவே இல்லாதது. இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன்சக்கரம், பின்சக்கரம் இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். காலையில் அட்டையே வரைபடம். எந்த இடத்தில் வட்டம், எவ்வளவு பெரிசு, என்ன நிறம் என்று தேதி போட்டு வைத்தால், கசிவு கூடுகிறதா நின்ற இடத்தில் நிற்கிறதா என்பது பத்து நாளில் தெரியும்.

எது கசியுது?

மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் இதை நாமே தெரிந்துகொள்ளலாம். டீசல் எஞ்சினில் ஓடிய ஆயில் கருப்பு. மாற்றிய சில மணி நேரத்திலேயே கருத்துவிடும், அது கெட்டதற்கு அடையாளம் இல்லை. கியர் பெட்டி எண்ணெய் தேன் நிறம் அல்லது பழுப்பு. பல கியர் ஆயில்களில் கந்தக வாடை அடிக்கும். தண்ணீர் கலந்திருந்தால் பால் தேநீர் மாதிரி இருக்கும். டீசலை விரலில் தேய்த்தால் வழவழப்பு நிற்காது, வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஓடிய ஆயில் நடுவில் கருப்புப் பொட்டாக நிற்கும், டீசல் அகலமாகப் பரவி விளிம்பில் மங்கும்.

மாஸி 1035-ல் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். கிளட்ச் ஹவுசிங் அடியில் ஒரு துளையும், அதில் ஆடிக்கொண்டே இருக்கும்படி ஒரு ஸ்ப்ளிட் பின்னும் இருக்கும். பின் ஆடினால்தான் துளையில் சேறு அடைக்காது. அந்தத் துளை நமக்காக வைத்த ஜன்னல். கருப்பு வந்தால் எஞ்சின் பக்கம், தேன் நிறம் வந்தால் கியர் பெட்டியின் முன் ஷாஃப்ட் சீல். சேறு உள்ளே போகும் என்று சிலர் துணி வைத்து அடைத்துவிடுகிறார்கள். சேற்றுழவு முடிந்ததும் எடுக்க மறந்தால், எண்ணெய் உள்ளேயே தேங்கி கிளட்ச் தட்டை நனைக்கும். கிளட்ச் வழுக்கும். அப்புறம் வண்டியைப் பிரிக்காமல் முடியாது.

புகைக்குழாய் இணைப்பில் கருப்பாகப் பிசுபிசுவென்று வழிவதைப் பார்த்து எஞ்சின் ஆயில் லீக் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் எரியாத டீசலும் கரியும். சுமை இல்லாமல் மணிக்கணக்கில் மெதுவாக ஓடவிட்டால் இப்படி ஆகும். நல்ல சுமை கொடுத்து ஒரு மணி நேரம் உழுதால் தானாகக் காய்ந்துவிடும். காயவில்லை என்றால் மட்டும் நாசிலைப் பாருங்கள்.

டீசல் வேலையில் ஒரு எச்சரிக்கை. பம்ப்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று ஓடும் எஞ்சினில் விரல் வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் ஊசி முனை அளவு பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். கையையே எடுக்க வேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். ஒருவேளை பட்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மேலிருந்து கீழே

இப்போது என் வண்டிக்கு வருகிறேன். கழுவித் துடைத்து, பவுடர் தூவி, அரை மணி நேரம் ஓடவிட்டேன். கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்ட ஆரம்பித்தது. டார்ச் அடித்து மேலே ஏறிக்கொண்டே போனேன். ஹவுசிங் சேரும் விளிம்பில் ஈரம். அதற்கு மேல், எஞ்சின் பிளாக்கின் பின்முதுகில் ஒரு கோடு. அதற்கும் மேல், சிலிண்டர் ஹெட்டின் பின்மூலை. கடைசியாக டேப்பட் கவரின் பின்விளிம்பில் பவுடர் கருத்து நனைந்திருந்தது. அங்கேதான் புறப்பாடு. அந்த எண்ணெய் முதுகு வழியாக இறங்கி, ஹவுசிங் இணைப்பின் இடுக்கில் புகுந்து, உள்ளே வழிந்து, அந்தத் துளை வழியாக வெளியே வந்து, கிராங்க் சீல் மேல் பழியைப் போட்டிருக்கிறது.

டேப்பட் கவர் பேக்கிங் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் ஒரு இடத்தில் சந்தேகம் வந்தது. அந்தக் கவருக்குள் எண்ணெய்க்கு அழுத்தமே கிடையாது. மேலே வந்து நனைத்துவிட்டுத் தானாக இறங்கிப்போகிற எண்ணெய் அது. பழைய பேக்கிங் என்றால் லேசாக ஈரம் கசியலாம். மூன்று நொடிக்கு ஒரு சொட்டு வர வேண்டும் என்றால் உள்ளேயிருந்து ஏதோ தள்ளுகிறது.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று வந்தது. மூடியைத் தலைகீழாக வாய்மேல் வைத்தால் கொதிக்கிற சட்டி மூடி மாதிரி குதித்தது.

எந்த எஞ்சினிலும் வெடிக்கும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும். அது வெளியே போக ஒரு வழி வைத்திருப்பார்கள், அதுதான் பிரீதர் குழாய். எங்கள் வண்டியில் டேப்பட் கவர் மேலிருந்து புறப்பட்டு, எஞ்சின் பக்கவாட்டில் கீழே தொங்குகிறது. குக்கர் வெயிட் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கேஸ்கட் வழியாக நீராவி பீச்சும். அதே கதைதான். பிரீதர் அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, எந்த பேக்கிங் பலவீனமோ, எந்த சீல் வயசானதோ, அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். அந்த சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தில் தள்ளும். சீல் மேல் சீலாக மாற்றிக்கொண்டே போகிறவர்களின் கதை பாதி இதுதான்.

குழாயைக் கழற்றினேன். கீழ் வாயில் சைக்கிள் ஸ்போக்கை விட்டால் இரண்டு அங்குலத்தில் முட்டியது. குத்திக் குடைந்ததில் காய்ந்த களிமண் உருண்டை உருண்டையாக விழுந்தது. உள்ளே சுருண்டு காய்ந்த இரண்டு மூன்று சிலந்தி. குளவிக் கூடு! மாசியிலிருந்து ஆடி வரை கொட்டகையில் சும்மா நின்ற வண்டி. மண்குளவிக்கு விரல் பருமன் குழாய் கிடைத்தால் விடுமா? சிலந்தியைப் பிடித்து அடைத்து, முட்டை வைத்து, வாயை மண்ணால் பூசிவிட்டுப் போயிருக்கிறது. பூச்சிகள் எல்லாம் நண்பர்கள் என்று நாம்தான் ஊர் ஊராகப் பேசுகிறோம். அது உரிமையோடு வந்து குடியிருந்திருக்கிறது.

பலதானியத்தை மடக்கி உழுதபோது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். அப்போதும் கசிந்திருக்கும். காய்ந்த மண் குடித்துவிட்டது. தண்ணீர் கட்டியதும்தான் காட்டிக்கொடுத்தது.

குழாயைச் சலவைச் சோடா வெந்நீரில் கழுவிக் காயவைத்து மாட்டினேன். டேப்பட் கவரைக் கழற்றி, சமதளமான பலகையில் கவிழ்த்துப் பார்த்தால், யாரோ முன்பு அளவுக்கு மீறி முறுக்கியதில் போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு குழிந்திருந்தது. மரக்கட்டையில் வைத்துச் சுத்தியால் தட்டிச் சமன்செய்தேன். புது கார்க் பேக்கிங், 160 ரூபாய். கையால் முறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரில் கொஞ்சம். கார்க்கை நசுக்கினால் பிதுங்கி உடையும், அது கசிவுக்கு நாமே கொடுக்கிற அழைப்பு.

அனபாண்ட் பேஸ்ட்டைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு முகங்களும் சுத்தமாக, எண்ணெய் ஒட்டாமல் இருந்தால், மெல்லிய கோடாகப் போடலாம். சில மெக்கானிக்குகள் கேக்குக்கு கிரீம் வைப்பது போல வைப்பார்கள். வெளியே பிதுங்கியது நமக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது உடைந்து சம்ப்புக்குள் விழுந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் எஞ்சினையே பிடிக்கவைத்த கதை அதுதான். ஈரத்துக்கு மேல் வெளியிலிருந்து பூசுவது ஒருநாளும் நிற்காது. "கெட்டி ஆயில் ஊத்துங்க, லீக் நின்னுரும்" என்ற யோசனையும் வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே போய்ச் சேர நேரமாகும், தேய்மானம் கூடும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டி வயலில். மாலை வரை ஓடியது. துளையில் நாள் முழுக்க இரண்டு மூன்று சொட்டு, ஹவுசிங்கில் தங்கியிருந்த மிச்சம். மூன்றாம் நாள் ஸ்ப்ளிட் பின் காய்ந்திருந்தது. மெக்கானிக் தம்பியிடம் களிமண் உருண்டையைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இனிமே இதைத்தான் சார் மொதல்ல கழட்டுவேன்" என்றார். பிரீதர் வாயில் இப்போது மெல்லிய கம்பி வலை கட்டியிருக்கிறேன். வலையிலும் பிசுக்கு சேரும், ஆயில் மாற்றும்போதெல்லாம் கழுவ வேண்டும்.

பிரீதர் திறந்திருந்தும் மூடி குதித்தால், விஷயம் வேறு. குழாயிலிருந்து ரயில் மாதிரி புகை விட்டு விட்டு வந்தால் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. புகைபோக்கியில் நீலப் புகையும் சேர்ந்துகொள்ளும். அந்த நிலையில் சீலுக்குச் செலவு செய்வது வாராக்கடனுக்கு மேல் கடன் கொடுப்பது. எஞ்சின் வேலைக்குத்தான் காசு சேர்க்க வேண்டும்.

அளவு ஏறினாலும் ஆபத்துதான்

ஆயில் குறைந்தால் பதறுகிறோம். கூடினால் சந்தோஷப்படுகிறோம், அதுதான் தப்பு. டிப்ஸ்டிக்கில் அளவு தானாக ஏறினால் உள்ளே டீசலோ தண்ணீரோ சேர்கிறது. டீசல் ஃபீட் பம்ப்பின் ரப்பர் தகடு கிழிந்தால் டீசல் நேராகச் சம்ப்புக்குள் இறங்கும். ஆயில் நீர்த்துப்போய், எல்லா சீலிலும் கசியும். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கலாக இருந்தால் எஞ்சினை ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் போய்விடும், அளவு ரொம்ப ஏறினால் எஞ்சின் அந்தக் கலவையையே எரித்துக்கொண்டு நிறுத்த முடியாமல் ஓடவும் கூடும். பால் நிறம் கண்டால் தண்ணீர். ஹெட் கேஸ்கட்டையோ லைனர் வளையத்தையோ பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். வரப்பில் சாய்வாக நிறுத்திக்கொண்டு அளவு பார்த்து, குறைவு என்று மேலும் ஊற்றி, நிரம்பி வழிகிறதைக் கசிவு என்று நினைத்தவர்கள் உண்டு. முதல் வருஷம் நானே செய்தேன். எத்தனையோ டிராக்டர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், டிப்ஸ்டிக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது. சமதளத்தில், எஞ்சின் நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடும்போது மட்டும் வேகமாகக் கசிந்து, நிறுத்தியதும் நின்றால், அழுத்தம் உள்ள வழியைப் பாருங்கள்: ஆயில் ஃபில்டர், மீட்டருக்குப் போகும் சின்னக் குழாய். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதுசும் சேர்ந்து இரட்டையாகிவிட்டால் ஸ்டார்ட் செய்தவுடன் பீச்சும். நின்றிருக்கும்போதுதான் சொட்டுகிறது என்றால் சம்ப் பேக்கிங் அல்லது வடிகால் போல்ட். போல்ட்டின் செம்பு வாஷர் பல தடவை நசுங்கிக் கெட்டியாகிவிடும். அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகும். இரும்புக்கு இது நேர்மாறு, செம்புக்கு மட்டும்தான் இந்த வைத்தியம்.

முன்பக்க கிராங்க் சீல் போயிருந்தால் புல்லியின் பின்னால் வட்டமாகச் சிதறியிருக்கும். விசிறி அதை எஞ்சின் முழுக்கப் பூசிவிடும். சீல் மாற்றும்முன் புல்லியின் கழுத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது. லேத் பட்டறையில் மெல்லிய உறை போடச் சொல்லலாம், அல்லது சீல் உதடு பள்ளத்தில் விழாதபடி சற்றுத் தள்ளிப் பொருத்தச் சொல்லலாம்.

எல்லாம் பார்த்து, டேப்பட் கவர் காய்ந்து, பிரீதர் திறந்து, பிளாக்கின் முதுகு சுத்தமாக இருந்தும் துளையில் கருப்பு வந்தால், பின் சீல்தான். அப்போது வண்டியைப் பிரிக்கத் தயங்காதீர்கள். பெர்க்கின்ஸ் வழியில் வந்த பழைய எஞ்சின்கள் பலவற்றில் பின் சீல் ரப்பர் அல்ல, இரண்டு அரைவட்டக் கூட்டில் பதித்த கயிறு. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அது காய்ந்து, முதல் சில மணி நேரம் கசிந்து, எண்ணெய் ஊறியதும் தானாக நிற்பதுண்டு. மாற்றும்போது கயிற்றைப் பள்ளத்தில் நன்றாக அழுத்தி உருட்டி, முனைகள் இணைப்பு முகத்தைவிட ஒரு மயிரிழை, அரை மில்லிமீட்டருக்குள், துருத்தும்படி வெட்ட வேண்டும். மழுங்க வெட்டினால் அந்தச் சந்திலேயே கசியும். பழைய கயிற்றில் கல்நார் இருக்கலாம். ஏர் அடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். பிரித்ததோடு பிரித்ததாக கிளட்ச் தட்டையும் கியர் பெட்டி முன் சீலையும் பார்த்துவிடுங்கள், இரண்டாவது தடவை அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டாம்.

வடித்த பழைய ஆயிலைக் கரையானுக்கு ஊற்றுவது, வேலிக்காலுக்குப் பூசுவது நம் ஊரில் பழக்கம். இயற்கை வேளாண்மை என்று பலகை வைத்த தோட்டத்திலும் பார்த்திருக்கிறேன். 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயகரக் கழிவு, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். நான் கேனில் சேர்த்து, அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பும் லாரிப் பட்டறை ஒன்றில் கொடுக்கிறேன். கரையானுக்கு வேறு வழி பார்க்கலாம்.

மினுமினுத்த மூலையில் தண்ணீரை வெளியே விடாமல் மடை கட்டி, படலத்தை வைக்கோல் பிரியால் ஒதுக்கி எடுத்தேன். அந்த மூலையில் மேல்மண் இரண்டு கூடை அள்ளி டின்னுக்குப் போனது. அங்கே மட்டும் ஒரு சென்ட் நடவில்லை.

நடவு முடிந்த பிறகும் அட்டை விரிக்கிறேன். டைமிங் கவர் அடியில் ஒரு வட்டம் இருக்கிறது, பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு. மூன்று வாரமாக அதே அளவு. அறுவடை முடிந்து வண்டி ஓய்வாக நிற்கும்போது அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.